மருந்தோடு ஆளும் வேண்டும்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து 18 வருடங்களாகின்றன. மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு அவனை அழைத்துச் செல்லும் அக்காவாகவே இதை எழுதுகிறேன்.

“குளிசை போட்டால் போதும், இவர்களோடு கதைத்து என்ன பயன்?” என்று யாழ்ப்பாணத்தில் படித்தவர்களே கேட்கிறார்கள். இத்தகைய நோயாளர் சிகிச்சையாளரோடு பிணைப்புக் கொள்ளமாட்டார்கள் என்றே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டும் கருதினார். அதை ஏற்காத உளமருத்துவர் பிரீடா புறொம்-றைக்மன், அமெரிக்காவின் மேரிலாந்திலிருந்த செஸ்நட் லொட்ஜ் மருத்துவமனையில் அவர்களோடு பேசியே சிகிச்சையளிக்க முயன்றார். (அவரே 1948இல் இந்நோய்க்குத் தாயைக் காரணமாக்கியும் எழுதினார். பின்னர் கைவிடப்பட்ட அந்தக் கருத்தை இன்றும் எங்கள் உறவினர் சிலர் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.) செஸ்நட் லொட்ஜில் சிகிச்சை பெற்ற மனச்சிதைவு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை பல வருடங்களின் பின்னும் மோசமாகவே இருந்ததென 1984இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மருந்து வேண்டாமென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மருந்தை விழுங்க வைப்பதற்கும் நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு அப்படி ஓர் உளவளத்துணையாளர் கிடைத்தார். முதல் நான்கு மாதங்கள் தம்பி சுவரைப் பார்த்தபடியே இருப்பான். அவரும் எதையும் தோண்டிக் கேளாமல், அரைமணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு, “வந்தது சந்தோசம் தம்பி” என்று அனுப்பிவைப்பார். ஒருநாள், “கிணத்துக்குள்ள இருந்து கதைக்கினம்” என்றான். அவர் அதை மறுக்கவுமில்லை, தனக்கும் கேட்பதாக நடிக்கவுமில்லை. “எனக்குக் கேக்கேல்லை. உமக்குக் கேக்கேக்கை பயமா இருக்குமோ?” என்றார். தம்பி அழுதான். கிணற்றைத் தகரத்தால் மூடி, அவனோடு வருடக்கணக்காக வாதாடிய எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

பிறகு அவர் இடமாற்றலாகிப் போனார். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த மாதம் புதியவர் கொப்பியைப் புரட்டி, “எப்ப இருந்து வருத்தம்?” என்று தொடங்க, தம்பி எழுந்து வந்துவிட்டான். மூன்று மாதங்கள் கிளினிக்குக்குப் போக மறுத்து, குளிசைகளைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தான். மீண்டும் மருத்துவமனை விடுதியில் சேர்க்க நேர்ந்தது.

புதியவரை நான் குறை சொல்லவில்லை. போகிறவரும் வருகிறவரும் நோயாளியோடு சேர்ந்து நான்கைந்து தடவையாவது ஒன்றாக இருக்கவேண்டும், பிரிவதை நோயாளியிடம் முன்னதாகவே சொல்லவேண்டும், அதையும் சிகிச்சையின் பகுதியாகக் கணக்கெடுக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆளணி போதாதென்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நோயாளியை மீண்டும் விடுதியில் வைத்துப் பார்ப்பதற்கு இதைவிடக் கூடுதலான ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

தம்பி இப்போது மறுபடியும் கிளினிக்குக்கு வருகிறான். சுவரைப் பார்த்தபடி இருக்கிறான்.