பெரிய அடுப்பை அடக்கி எரிப்பது ஆபத்து

"அறையைச் சூடாக்கப் பெரிய விறகு அடுப்பாகவே வாங்குங்கள், சூடு கூடினால் காற்றுத் திறப்பை மூடிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். காற்று குறைந்தால் விறகு சரியாக எரியாமல் புகையும். அந்தப் புகை குளிர்ந்த புகைக்குழாயின் உட்சுவரில் தார்போலப் படியும், அதுதான் கிரியோசோட். அது தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், கூரையும் பற்றிக்கொள்ளும்.

அறையின் நீள, அகல, உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுங்கள். ஓரளவு வெப்பக்காப்பு உள்ள அறைக்கு ஏறக்குறைய அத்தனை கிலோவாட் வெப்பம் தரும் அடுப்பு போதும். 6 × 5 × 2.4 மீட்டர் அறைக்கு 5 கிலோவாட்தான் வரும். அங்கே 10 கிலோவாட் அடுப்பு வைத்தால் எப்போதும் அடக்கித்தான் எரிக்க நேரும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்பக்கத்தில் ஈரத்தை அளந்து பாருங்கள், மேற்புறம் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும்.