கல்யாணச் சான்றிதழைக் காட்டினாலே ஓசிஐ கார்டு கிடைத்துவிடுமா?

"இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு இனி விசா வேண்டாம், திருமணச் சான்றிதழ் போதும், உடனே ஓசிஐ கார்டு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. (ஓசிஐ என்பது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா'; வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் விசா இல்லாமல் இந்தியா வந்து தங்க உதவும் அட்டை.) அந்தத் தகவல் தவறு.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாகக் குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்திருக்கவும் வேண்டும். கோயிலில் தாலி கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் சிக்குவது இங்கேதான். அப்புறம் பாதுகாப்புச் சரிபார்ப்பு வேறு இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இந்த அட்டை கிடையாது. விண்ணப்பதாரரின் பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கு முந்தைய தலைமுறை வரை யாராவது அந்நாட்டுக் குடிமக்களாக இருந்திருந்தாலும் இதே கதைதான்.

சரி, அந்த 2 ஆண்டுகளுக்கு என்ன வழி? இந்தியக் குடிமகனின் மனைவி, குடிமகளின் கணவர் என்ற முறையில் 'எக்ஸ்' எனப்படும் நுழைவு விசாவுக்கு இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். யாரும் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

அதே தகவலில் ஓசிஐயை 'இரட்டைக் குடியுரிமை' என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் இல்லை. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. விவாகரத்தானால், மனைவி அல்லது கணவர் என்ற முறையில் பெற்ற அட்டையை அரசு ரத்து செய்யலாம். குடியுரிமைதான் வேண்டுமென்றால் அது தனி விண்ணப்பம். அதற்கு 7 ஆண்டுகள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும்.