ஃபோர் வீல் டிரைவ் என்றால் கவிழாதா?

"ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர் எந்தச் சரிவிலும் கவிழாது" என்று குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் விவசாயிகளிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பாதீர்கள்.

நான்கு சக்கரமும் இழுத்தால் பிடிமானம் கூடும், ஈரமண்ணில் வழுக்குவது குறையும். கவிழ்வதைத் தீர்மானிப்பது வண்டியின் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும். மினி டிராக்டர் ஒடுக்கமானது. மர வரிசைக்குள் நுழைய அது வசதி. குறுக்குச் சரிவில் அதுவே ஆபத்து. மேட்டுப்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, பள்ளப்பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் போதும்.

குதிரைத்திறனைக் கேட்கும் முன், இருக்கைக்குப் பின்னால் கவிழ்வுக் காப்புச் சட்டகமும் (வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு) சீட் பெல்ட்டும் உண்டா என்று பாருங்கள். சட்டகம் இருந்தும் பெல்ட் போடாவிட்டால் வெளியே விழுந்து வண்டிக்கடியில் சிக்கலாம். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். மேலேயே லோ கியர் போட்டு இறங்குங்கள்.