மார்ச் மாதக் கூடைப்பந்தில் கைத்தட்டல் யாருக்குப் போய்ச் சேருகிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் 'மார்ச் மேட்னஸ்' போட்டிகளில் 68 அணிகள் மூன்று வாரம் மோதுகின்றன. ஒரு முறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எந்த அணி எதை வெல்லும் என்று தொடக்கத்திலேயே கணித்து எழுதும் 'பிராக்கெட்' தாள்களை லட்சக்கணக்கானோர் நிரப்புவதால், தனக்குச் சம்பந்தமே இல்லாத கல்லூரியின் ஆட்டத்தைக்கூட ஒருவர் நெஞ்சு படபடக்கப் பார்க்கிறார். அந்தப் படபடப்புதான் அடுத்த நொடியே சமூக ஊடகத்தில் பதிவாகிறது; விளம்பர நிறுவனங்கள் வலை வீசுவதும் அதே இடத்தில்தான். இதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பணமும் பாராட்டும் ஆடுகிற பிள்ளைகளைச் சேருகின்றனவா என்பதே என் கேள்வி.

2018 மார்ச் 16 அன்று, யுஎம்பிசி என்று அழைக்கப்படும் மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்ட்டி பல்கலைக்கழக அணி, தன் பிரிவில் முதலிடம் தரப்பட்டிருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. ஆண்கள் போட்டியில் பிரிவின் கடைசி இடமான 16ஆம் இடம் தரப்பட்ட அணிகள் அதுவரை முதலிட அணிகளிடம் ஆடிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. அன்றிரவு அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் ட்விட்டர் கணக்கு, தங்களை ஏளனம் செய்தவர்களுக்குச் சுடச்சுடப் பதில் சொல்ல, சில ஆயிரம் பேர் மட்டுமே பின்தொடர்ந்த அந்தக் கணக்கு ஓரிரு நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் 28 புள்ளிகள் குவித்த ஜைரஸ் லைல்ஸ் அந்தப் புகழைக் கொண்டு விளம்பரத்தில் ஒரு டாலர்கூட ஈட்டியிருக்க முடியாது. போட்டியை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் அப்படி இருந்தன.

அந்தத் தடை 2021 ஜூலை 1 அன்று நீங்கியது. 2024இல் மிச்சிகனில் உள்ள ஓக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி, மூன்று புள்ளி எறிதல்களை மட்டும் பத்து முறை கூடையில் போட்டு கென்டக்கி அணியை வெளியேற்றினார். சில நாட்களுக்குள் நிறுவனங்கள் அவருடைய பெயருக்கே ஒப்பந்தம் போட்டன. கூட்டம் கைதட்டிய வீரருக்கே கூலியும் கிடைத்ததைப் பார்த்தபோது, இவ்வளவு எளிய நியாயத்தை ஏன் இத்தனை ஆண்டுகள் மறுத்தார்கள் என்ற கோபமே எனக்கு மிஞ்சியது.

ஆனாலும் இந்தப் போட்டிகளின் வரலாற்றில் ஆக முக்கியமான பதிவாக நான் கருதுவது ஒரு டிக்டாக் காணொளியைத்தான். கொரோனா காரணமாக 2021இல் ஆண்களை இண்டியானாபொலிசிலும் பெண்களை சான் அன்டோனியோவிலும் தங்கவைத்து ஆடவிட்டார்கள். ஆண்களுக்கு ஒரு கூடம் நிறைய எடைப்பயிற்சிக் கருவிகள் இருந்தன. பெண்களுக்கு ஒற்றை டம்பெல் அடுக்கும் சில யோகா விரிப்புகளும் மட்டுமே. இடம் போதவில்லை என்று விளக்கம் வந்ததும், ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் தன் கைபேசியை மெதுவாகத் திருப்பி, பயிற்சி மைதானத்தை அடுத்து வெறுமனே கிடந்த பரந்த தளத்தைக் காட்டினார். வாதம் அதோடு முடிந்தது. கருவிகள் தர டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்வந்தன. விரைவிலேயே முறையான பயிற்சிக்கூடமும் அமைந்தது. அதுவரை 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயர்கூட ஆண்களுக்கு மட்டும்தான் என்று வைத்திருந்தார்கள். பெண்கள் போட்டிக்கு அது 2022இல்தான் கிடைத்தது. அடுத்த இரண்டே ஆண்டில், 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம்தான். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று பேசியவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லட்டும்.

இதே கைபேசி வழியாக வரும் நஞ்சும் உண்டு. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயங்களை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்ட பிறகு, ஒரு தனி வீரர் எத்தனை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுப்பார் என்பதன்மீதுகூடப் பணம் கட்டுகிறார்கள். 2024இல் வட கரோலைனா அணி வென்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, போதுமான ரீபவுண்ட் எடுக்கவில்லை என்று தன்னைத் திட்டி நூறுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்ததாக அந்த அணியின் வீரர் ஆர்மாண்டோ பேக்கட் வெளிப்படையாகச் சொன்னார். அணி ஜெயித்திருக்கிறது, அவரும் நன்றாகத்தான் ஆடியிருக்கிறார். யாரோ ஒருவருடைய பந்தயம் தோற்றதற்குக் கல்லூரி மாணவர் ஏச்சு வாங்குகிறார். இவர்களை ரசிகர்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரி வீரர்களின் தனிப்பட்ட ஆட்டக் கணக்கின்மீது கட்டப்படும் பந்தயங்களைத் தடை செய்ய வேண்டும் என்று என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் அந்த ஆண்டே கேட்டார். ஓஹையோ, மேரிலாந்து, லூசியானா போன்ற மாநிலங்கள் தடுத்துவிட்டன. மற்றவையும் தாமதமின்றித் தடுக்க வேண்டும். நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரே இரவில் நாயகனான மாணவரிடம் ஒப்பந்தத்தை நீட்டும்போது, அந்த மூன்று வாரமும் அவருடைய பக்கத்துக்கு வரும் வசைகளையும் மிரட்டல்களையும் வடிகட்டிப் புகார் செய்ய ஓர் ஆளை அமர்த்தும் செலவையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.