1923 ஜூலையில் சிகாகோவில் தோற்றது யார்?

மே தினம் என்றதும் நம் எல்லோருக்கும் சிகாகோ நினைவுக்கு வரும். 1886, எட்டு மணி நேர வேலை, ஹேமார்க்கெட் சதுக்கம், தூக்குமேடை. ஆனால் அந்த மே மாதத்தில் சிகாகோவின் சங்கங்கள் இரண்டு மத்திய அமைப்புகளாகப் பிரிந்து கிடந்தன என்பதை நான் எந்த மே தினக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பழைய தொழிற்சங்க சபை ஒரு பக்கம். அதிலிருந்து 1884-இல் வெளியேறி, ஜெர்மன், பொஹீமியத் தொழிலாளர்களை அதிகமாகக் கொண்டிருந்த மத்தியத் தொழிற்சங்கம் இன்னொரு பக்கம். தூக்கிலிடப்பட்ட ஆல்பர்ட் பார்சன்ஸ் ஒருகாலத்தில் அந்தப் பழைய சபையில் முன்னணியில் நின்றவர்தான்.

நகர அளவிலான சங்க மன்றம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சங்கமும் தன் பிரதிநிதிகளை அனுப்பும். வண்டியோட்டிகள், ரொட்டி சுடுபவர்கள், ஆசிரியைகள், கொத்தனார்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காருவார்கள். அந்த மன்றத்தால் யாருக்கும் வேலைநிறுத்த உத்தரவு போட முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. ஒரு சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் மற்றவர்கள் பணம் திரட்டுவார்கள், சரக்கைத் தொடமாட்டார்கள், ஊர்வலத்துக்கு ஆள் அனுப்புவார்கள். அதன் பலமெல்லாம் நம்பிக்கை ஒன்றுதான். நானும் சில வருடங்கள் இப்படி ஒரு மன்றத்தில் பிரதிநிதியாக இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிகாகோவின் அப்படிப்பட்ட மன்றம்தான் சிகாகோ தொழிலாளர் சம்மேளனம். அது 1896-இல் உருவானது. தொடக்க ஆண்டுகளில் கட்டுமானச் சங்கங்களின் அடாவடிக் கும்பல் ஒன்று அதை ஆட்டிப்படைத்தது. அவர்களிடமிருந்து அதை மீட்டவர் ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக். அயர்லாந்தில் பிறந்தவர், குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழிலாளி. 1946-இல் இறக்கும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர்தான் தலைவர். மார்கரெட் ஹேலி வழிநடத்திய ஆசிரியைகள் சங்கம் 1902-இலேயே இந்தச் சம்மேளனத்தில் சேர்ந்திருந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்தில், வண்டியோட்டிகளுக்குப் பக்கத்தில் ஆசிரியைகள் உட்கார்ந்த இடம் அது.

1917-இல் அந்தக் கூடத்துக்கு ரயில்பெட்டித் தொழிலாளர்களின் பிரதிநிதியாக வந்தவர் வில்லியம் ஃபாஸ்டர். சிகாகோவின் மாபெரும் இறைச்சித் தொழிற்கூடங்களில் பன்றி அறுப்பவருக்கு ஒரு சங்கம், மாடு அறுப்பவருக்கு ஒரு சங்கம், கொதிகலன் பார்ப்பவருக்கு இன்னொன்று என்று பிரிந்து நின்றால் முதலாளியை எப்படி எதிர்கொள்வது என்று கேட்டார். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 1918 மார்ச்சில், அந்தத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த நீதிபதி ஆல்ஷூலர் எட்டு மணி நேர வேலை நாள் என்று தீர்ப்பளித்தார். தூக்கு ஏறியவர்கள் கேட்ட அதே எட்டு மணி நேரம், அதே ஊரில், முப்பத்திரண்டு வருடம் கழித்து.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது 1919 ஜூலை 6-ஆம் தேதியை. கறுப்பினத் தொழிலாளர்களும் வெள்ளையினத் தொழிலாளர்களும் ஒன்றாக ஊர்வலம் போவதாக ஏற்பாடு. காவல்துறை அனுமதிக்கவில்லை. சரி என்று இரண்டு ஊர்வலங்களாகப் பிரிந்து நடந்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்த ஒரு விளையாட்டு மைதானத்தில் சேர்ந்துகொண்டார்கள். நாம் வேறு வேறு நிறம், வேறு வேறு நாடு என்பதால் அடித்துக்கொள்வோம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள், அவர்களை ஏமாற்றுவோம் என்று ஒரு பதாகையில் எழுதியிருந்தார்கள். மூன்று வாரத்தில், ஜூலை 27 அன்று, இனக் கலவரம் வெடித்தது. 38 பேர் செத்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். இதில் சங்கங்களும் கைகழுவ முடியாது. பல தொழில்வாரிச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவே மறுத்தன. இறைச்சித் தொழிற்கூடத்தில்கூட அவர்களுக்கென்று தனிக் கிளைதான் வைத்தார்கள். ‘உனக்குத் தனி அறை’ என்று சொன்ன சங்கத்தை அவர்களில் பலர் நம்பாமல் போனதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் எஃகுத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம். ஃபிட்ஸ்பேட்ரிக் தலைவர், ஃபாஸ்டர் செயலாளர். 1920 ஜனவரியில் அது தோற்றது. இறைச்சித் தொழிற்கூடங்களில் 1921 கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தமும் அப்படியே முடிந்தது.

அப்புறம்தான் அரசியல். உண்மையில் அதற்கு முன்பே ஃபிட்ஸ்பேட்ரிக் தொழிலாளர் கட்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1919 மேயர் தேர்தலில் நின்று ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். ஃபாஸ்டர் 1921-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஆனாலும் இருவரும் சேர்ந்தே இயங்கினார்கள். 1922 மார்ச்சில், தொழில்வாரிச் சங்கங்களை இணைத்துத் துறைக்கு ஒரு சங்கமாக்க வேண்டும் என்ற ஃபாஸ்டரின் தீர்மானத்தைச் சம்மேளனம் நிறைவேற்றியது. நாடு முழுக்க உள்ள சங்கங்களின் தலைமை அமைப்பான அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸுக்கு இது பொறுக்கவில்லை. 1923-இல் சிகாகோவுக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தினார்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1923 ஜூலை 3-ஆம் தேதி, விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்குவது பற்றிப் பேச, சிகாகோவில் விவசாயி-தொழிலாளி மாநாடு கூடியது. பெரிய சங்கங்கள் பல வரவில்லை, சோஷலிஸ்ட் கட்சியும் வரவில்லை. இப்போதைக்குப் புதிய கட்சி வேண்டாம், பேசிவிட்டுக் கலையலாம் என்றார் ஃபிட்ஸ்பேட்ரிக். ஆனால் கம்யூனிஸ்டுகள் பல சங்கங்களின் பிரதிநிதிகளாகக் கணிசமான எண்ணிக்கையில் உள்ளே இருந்தார்கள். அவர்களுடைய தலைமையில், முந்தின ஆண்டுதான் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்த ஹங்கேரிக்காரர் ஜான் பெப்பர் போன்றவர்கள் உடனே கட்சி தொடங்கியாக வேண்டும் என்று நெருக்கினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை அவர்கள் பக்கம். ஃபிட்ஸ்பேட்ரிக் வெளியேறினார். பிறந்த கட்சி அடுத்த ஆண்டே மறைந்தது.

வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள், சங்கங்களை இழந்தார்கள். நான் இடதுசாரிதான், அதை மறைக்கவில்லை. அதனால்தான் இது எனக்கு வலிக்கிறது. மன்றத்தில் ஒரு தீர்மானம் ஜெயித்தாலும், அதை அமல்படுத்தப் போவது கூடத்தில் இல்லாத ஆயிரக்கணக்கான ஆட்கள். அவர்கள் சம்மதிக்காத வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? நான் இருந்த மன்றத்திலும் இது நடந்தது. பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு, இரவு பதினோரு மணிக்கு, எங்கள் அணி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நானும் கை தூக்கினேன். அடுத்த கூட்டத்துக்கு நான்கு சங்கங்கள் வரவில்லை. நாங்கள் செய்தது தவறு.

அதற்காக ஃபிட்ஸ்பேட்ரிக்கை நியாயப்படுத்த மாட்டேன். கோபம் அவரைக் காம்பர்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தானே ஆதரித்த சங்க இணைப்புக் கோரிக்கையையும் கைவிட்டார். ஃபாஸ்டர் மேல் இருந்த கசப்புக்கு, ஒரே கூரையின் கீழ் பத்துச் சங்கமாகச் சிதறிக் கிடந்த தொழிலாளியா விலை கொடுக்க வேண்டும்? அந்த ஆண்டு போர்ட்லாந்தில் நடந்த அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளன மாநாட்டில் வில்லியம் டன் என்ற பிரதிநிதியை, கம்யூனிஸ்ட் என்பதற்காகவே வெளியேற்றினார்கள். சிகாகோ சம்மேளனம் அதன் பிறகும் நல்ல வேலைகள் செய்தது. 1926-இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கியது. ஆனால் வெவ்வேறு கொள்கைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வேலை செய்த அந்தக் கூடம் திரும்பவில்லை.

துறைக்கு ஒரு சங்கம் என்ற கோரிக்கை 1930-களில் வேறு வழியில் வந்தது. அதை ஏற்காத பழைய தலைமையிடமிருந்து பிரிந்து, துறைவாரிச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஐஓ உருவாக, சிகாகோவில் மறுபடியும் இரண்டு மன்றங்கள். 1937 மே 30 அன்று ரிபப்ளிக் எஃகு ஆலைக்கு முன்னால் காவல்துறை சுட்டதில் 10 பேர் செத்தபோது, சங்கங்கள் இரண்டு முகாம்களாக நின்றன.

ஃபாஸ்டர் 1961-இல் மாஸ்கோவில் இறந்தார். அவருடைய அஸ்தி சிகாகோவுக்குப் பக்கத்தில், ஹேமார்க்கெட் தியாகிகள் நினைவிடம் இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நகரத்தின் இரண்டு மன்றங்களும் அதற்கு அடுத்த ஆண்டு, 1962-இல் ஒன்றாயின. அப்போது ஃபிட்ஸ்பேட்ரிக் இறந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.