ஒருத்தர் கூடவா பாக்கல?

எங்க ஊரு மாசி மகம் பேனர்ல இருக்கிற ஏஐ படத்தப் பத்தி நேத்து ரெண்டு வரி போட்டதுக்கு இவ்ளோ பேருக்கு ரோஷம் வரும்னு நெனைக்கல. "கலை பண்பாடுன்னு எழுதறவங்களுக்கு டெக்னாலஜின்னாலே அலர்ஜி"யாம். சரிங்க.

ஏஐ-ல படம் போட்டது தப்புன்னா சொன்னேன்? போட்டுட்டு ஒரு தடவ பாத்திருக்கலாம்ல, அவ்ளோதான் சொன்னேன். மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வர்றாரு, பின்னாடி பாத்தா காயல், கேரளா வள்ளம், படகு வீடு. குப்பத்துல நிக்கிற பைபர் படகு ஒண்ணு கூடவா கண்ணுல படல? மேல கொட்ட எழுத்துல "தீரத்தவாரி". ஏஐ-க்குப் பழக்கும்போது தமிழ் கொஞ்சமாத்தான் காட்டியிருப்பாங்க, எழுத்த அது கோலம் மாதிரி வரையுது, புள்ளி விட்டுப்போச்சு. மெஷின் மேல எனக்குக் கோவமே இல்ல. டிசைன் பண்ணவரு, பிரிண்ட் போட்டவரு, கம்பு நட்டவரு, கீழ வரிசையா போட்டோல சிரிக்கிற பதினாலு பேரு, ஒருத்தர் கூடவா பாக்கல?

எங்க அப்பா போர்டு எழுதினவரு. சாக்பீஸ் தடவின நூல இழுத்துப் புடிச்சு சுண்டினா சுவத்துல கோடு விழும், அது என் வேலை. எழுதி முடிச்சதும் எதிர்த்த டீக்கடைல போய் நின்னு பாத்துட்டே இருப்பாரு, டீ ஆறிடும். ஒரு தடவ ஒரு ஒற்றெழுத்த விட்டுட்டாரு. ராத்திரி படுத்தவரு எழுந்து மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கிட்டு சைக்கிள்ல கெளம்பிட்டாரு. கடைக்காரருக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது.

இதச் சொன்னா "அப்பன் தொழில் போன வயித்தெரிச்சல்"னு ஒருத்தர். ஆமா, இருக்கு. இப்ப என்ன?

"நீயும் உன் போட்டோவ ஏஐ-ல குடுத்து ஜப்பான் கார்ட்டூன் மாதிரி கிப்லி படம் போட்டவன்தானே"ன்னு 2025 மார்ச் ஸ்கிரீன்ஷாட்ட தோண்டி எடுத்துட்டு வந்திருக்காரு இன்னொருத்தர். ஊரே போட்டுச்சு, நானும் போட்டேன், அது என் மூஞ்சி, சாமி ஊர்வலம் இல்ல. (சப்ப பதில்தான், எனக்கே தெரியுது.)

அதே ஏஐ கிட்ட "பாண்டிச்சேரி தெரு"ன்னு கேட்டுப் பாத்தேன். நாலு தடவையும் மஞ்சச் சுவரு, காகிதப்பூ, ஓரமா ஒரு சைக்கிள். ஊர ரெண்டா பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கால திண்ணையும் தாழ்வாரமுமா இருக்கிற நம்ம வீதி ஒண்ணு கூட வரல. எப்படி வரும், நாம ஏத்தற போட்டோ பூரா வாய்க்காலுக்குக் கெழக்கால இருக்கிற பிரெஞ்சு வீதிங்க, ஒயிட் டவுன்தானே? நம்ம பக்கம், 2008-ல யுனெஸ்கோ விருது வாங்கின வைசியாள் வீதில நின்னு ரீல்ஸ் எடுத்தவங்க இங்க எத்தன பேரு? கை தூக்குங்க பாப்போம். நாங்க இந்த ஊர்லதான்யா இருக்கோம், எங்க ஊட்டயும் கொஞ்சம் பாருங்க.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன். பேனர அவுக்கல்லாம் வேணாம். அப்பாவோட பிரஷ் இன்னும் பரண்ல இருக்கு, யாராவது ஒரு ஏணி குடுங்க, அந்த 'ர' மேல ஒரு புள்ளி வெச்சிட்டு வந்துடறேன்.