ஃபார்ட்டி லிக்ஸுக்கு ஒன்றரை நட்சத்திரமா?

நேற்றிலிருந்து அந்தப் பதிவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'ஃபார்ட்டி லிக்ஸ்' ஆல்பத்துக்கு, இரண்டு சிடியில் நாற்பது பாட்டு உள்ள தொகுப்புக்கு, ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். எழுதியவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். மதிப்பெண் கிடக்கட்டும். "பழைய பாட்டெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான், புதுப் பாட்டு நாலையும் தாண்டிவிட்டேன்" என்று அதிலேயே எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த ஒரு வரிதான் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

தாண்டிவிட்டு எப்படி ஐயா மதிப்பெண் போடுகிறீர்கள்? முப்பத்தாறு பாட்டு தெரியும், அதனால் கேட்கவில்லை. மீதி நாலு தெரியாது, அதனால் கேட்கவில்லை. அப்படியானால் கேட்டதுதான் எது? பந்தியில் சாம்பாரோடு எழுந்து போனவர் பாயசம் சரியில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

தொகுப்பு ஆல்பம் என்றாலே பழையதைக் கட்டி விற்பது என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டோன்ஸின் அறுபதுகளின் ஒலிப்பதிவுகள் அவர்கள் கையில் இல்லை. அன்றைய மேலாளர் ஆலன் கிளைனின் ஆப்கோ நிறுவனத்திடம் போய்விட்டன. 1971-இல் சொந்த லேபிள், அதாவது சொந்த இசைத்தட்டு நிறுவனம், தொடங்கிய பிறகு வந்தவைதான் அவர்கள் வசம் இருந்தவை. அதனால் முப்பது வருடமாக வந்த தொகுப்புகள் எல்லாமே பாதிக் கதைதான். 'ஹாட் ராக்ஸ்' வாங்கினால் 1971-உடன் நின்றுவிடும். 1993-இல் வந்த 'ஜம்ப் பேக்' வாங்கினால் 1971-இல்தான் தொடங்கும். 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' ஒரு பெட்டியில் இருக்கும், 'ஸ்டார்ட் மீ அப்' இன்னொரு பெட்டியில் இருக்கும். 2002-இல், குழுவுக்கு நாற்பது வயதானபோதுதான் இரு தரப்பும் ஒத்துப்போய் இரண்டையும் முதன்முறையாக ஒரே பெட்டியில் போட்டார்கள். இது தெரியாமல் 'இன்னொரு தொகுப்பு' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவது விமர்சனம் இல்லை.

அப்புறம் வரிசை. வருட வாரியாக இல்லை என்பது அவருடைய பெரிய குறை. வருட வாரியாகத்தான் கேட்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? முதல் சிடி 1968-இன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டோடு தொடங்குகிறது. அடுத்தது 1969-இன் 'கிம்மி ஷெல்டர்'. அதற்குப் பிறகுதான் 1965-க்குப் போய் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'. 'கிம்மி ஷெல்டர்' பாட்டில் கூடப் பாடும் மெரி கிளேட்டன் உச்சத்துக்குப் போய்க் குரல் பிளந்து கத்துவாரே, அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் அந்த முரட்டு கிதார் வந்து விழும். ஆயிரம் தடவை கேட்டுப் புளித்துப்போன 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' அந்த இடத்தில் மறுபடி பயமுறுத்துகிறது. தெரிந்த பாட்டுதான். ஆனால் அந்த இடத்தில் வைத்து நீங்கள் கேட்டதில்லை.

இப்போது தாண்டிப்போன நாலு பாட்டுக்கு வருகிறேன். 2002-இல் பாரிஸில் பதிவு செய்தவை. பாடகர் மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது வயது 58. கடைசியில் ஒட்டுப்போட்டதுபோல் இவற்றை மொத்தமாகச் சேர்த்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது சிடியில் ஐந்தாவது, பதின்மூன்றாவது, பதினைந்தாவது, இருபதாவது என்று அங்கங்கே பரத்தி வைத்திருக்கிறார்கள். 1978-இன் 'பீஸ்ட் ஆஃப் பர்டன்' முடிந்ததும் 'டோன்ட் ஸ்டாப்' வருகிறது, அது முடிந்ததும் 1972-இன் 'ஹேப்பி'. தங்களுடைய மிகச் சிறந்த பாட்டுகளுக்கு நடுவே புதுப் பாட்டை நிறுத்தி, 'ஒப்பிட்டுப் பார், பரவாயில்லை' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 'டோன்ட் ஸ்டாப்' அந்த ஒப்பீட்டில் தோற்கிறது, அதை நானே சொல்கிறேன். 'ஸ்டீலிங் மை ஹார்ட்' சுமார்தான். ஆனால் 'கீஸ் டு யுவர் லவ்' பாட்டில் மிக் தன் குரலை எவ்வளவு மென்மையாக மேலே கொண்டுபோகிறார் என்று கேட்டீர்களா?

கடைசிப் பாட்டு 'லூஸிங் மை டச்'. அதற்கு முன்னால் 1974-இன் 'இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்' ஆர்ப்பாட்டமாக வந்து முடிகிறது. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அங்கேயே கடையைக் கட்டியிருக்கும், கைதட்டல் நிச்சயம். இவர்கள் அதற்குப் பிறகு கீத்தை உட்காரவைத்து, கரகரத்த குரலில், அவசரமே இல்லாத ஒரு பாட்டைப் பாடவிட்டிருக்கிறார்கள். நாற்பது வருடக் கணக்கை அந்தக் குரலில் முடிக்கிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்காமல் இந்த ஆல்பம் எப்படி முடிகிறது என்றே உங்களுக்குத் தெரியாது. முடிவு தெரியாத ஆல்பத்துக்குத்தான் ஒன்றரை நட்சத்திரம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் இங்கிலீஷ் பாட்டு என்றால் கேசட் கடையில் மைக்கேல் ஜாக்சன், அதைத் தாண்டினால் போனி எம். அவ்வளவுதான். பெரியப்பா மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு ஒரு தீபாவளிக்கு இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தான். மூடியின் கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அட்டையில் குழுவின் சின்னமான அந்த நாக்கைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா சாமி அறைப் பக்கம் அதை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். 2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது அண்ணன் மழையில் நனைந்தபடி நின்று பார்த்தவன். அந்த மழையை இன்றைக்கும் விட்டால் ஒரு மணி நேரம் சொல்வான். நான் சிடியோடு சரி. கணினியில் போட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து, எது எந்த வருடப் பாட்டு என்றே தெரியாமல் கேட்டேன். 'பெயின்ட் இட் பிளாக்' பழையது, 'கீஸ் டு யுவர் லவ்' புதியது என்ற வித்தியாசமே எனக்கு இல்லை. எல்லாமே எனக்குப் புதுப் பாட்டுதான்.

கல்லூரி விடுதியில் ஒரு சீனியர், "எந்த ஆல்பத்திலிருந்து ஸ்டோன்ஸ் கேட்க ஆரம்பித்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "ஓ, கலெக்‌ஷன் பார்ட்டியா" என்று திரும்பிக்கொண்டார். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' முழுக்கக் கேட்டேன், 'பெக்கர்ஸ் பேங்க்வெட்', 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் வழி அந்த உடைந்த பெட்டிதான்.

"இது வெறும் வியாபாரம், சுற்றுப்பயணத்துக்காகப் போட்டது" என்பீர்கள். ஆமாம், அந்த வருடம் சுற்றுப்பயணம் போனார்கள். எந்த ஆல்பம் தர்மத்துக்கு வந்தது? "'கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' இல்லையே, 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' இல்லையே" என்றால் அது நியாயம். எனக்கும் அந்த வருத்தம் உண்டு, இரண்டாவது பாட்டை விட்டதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அவர் அதை எழுதவில்லையே! இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் நானும் கூட நின்று சண்டை போட்டிருப்பேன். "உண்மையான ரசிகனுக்கு இந்த ஆல்பம் தேவையில்லை" என்றுதான் முடித்திருக்கிறார். பணமும் கடையும் கையெட்டும் தூரத்தில் இருந்தவன் ஒவ்வொரு ஆல்பமாக வாங்கிக் கேட்டிருப்பான். மற்றவனெல்லாம் ரசிகன் இல்லையா? இவர்கள் வாசலில் நின்று சீட்டு கிழிக்கிறார்களா? யாரை உள்ளே விடுவது என்று இவர்களிடம் யார் கேட்டார்கள்?

நாலு பாட்டையும் சேர்த்தால் இருபது நிமிடம்கூட ஆகாது. போட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஒன்றரையை அரையாகக் குறைத்துவிடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அந்த 'உண்மையான ரசிகன்' வரியை மட்டும் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.